கண்ணின் நீர் தெளியும்வரை

இலங்கை மலையகத்தில் எங்கள் மடுல்சீமையில் மூடுபனி இல்லாத காலைகள் குறைவு. அதனால்தான் என் கண் மங்கிக்கொண்டு வந்தது எனக்கே வெகுநாள் தெரியாமல் போயிற்று. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவள் வாசலிலேயே நின்று, "பனி கொஞ்சம் விலகட்டும், அப்புறம் எறங்குறேன்" என்றேன். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தப் பனி? அந்தப் பக்கத்து மலையில கொழுந்து எடுக்கிறவங்க தலைத்துண்டு நெறம் வரைக்கும் தெரியுது" என்றார்.

ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தேன். பிறகு மற்றதை. இரண்டிலும் ஒரே வெள்ளை.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒரே நீளக் கட்டடம், நடுவில் சுவர் கிடையாது. பெரிய வகுப்புகள் தலைமையாசிரியரிடம், சின்ன வகுப்புகள் என்னிடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் கண்கள் அடிக்கடி சிவக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசும், உள்ளுக்குள் ஆழமாக வலிக்கும். தோட்டத்து மருந்துக் காம்பராவில் சொட்டு மருந்து தருவார்கள். சில வாரத்தில் அடங்கிவிடும். அடுப்புப் புகை என்று மாமியார் சொல்வார், சுண்ணக்கட்டித் தூள் என்று தலைமையாசிரியர் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். பேக்கரிப் பாணுக்கும் மாவுக்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த நெருக்கடியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என் கணவர் என்னைப் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வளைவுக்கு வளைவு பஸ் திரும்பும்போது பள்ளத்தின் விளிம்பு எனக்குத் தெரியவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. பயப்படுவார்.

கண் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், பேசும்போது தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பார். இருட்டறையில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்று ஒன்றைக் கண்ணுக்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், ரெண்டு கண்ணிலயும் புரை விழுந்திருக்கு" என்றார்.

"கெழவங்களுக்குத்தானே டாக்டர் பூ விழும்?"

"உங்களுக்கு வயசால வரேல்லை. கண் திரும்பத் திரும்ப உள்ளுக்குள்ள சிவந்து அழன்று வந்தது. வெட்டி எடுக்கலாம். ஆனால் உங்கட கண் கொஞ்சம் கோபக்காரக் கண். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

வலக் கண்ணை முதலில் செய்வது என்று முடிவாயிற்று.

அறுவை சிகிச்சை நடந்தபோது வலி இல்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தார்கள். வெளிச்சமும் நிழலும் அசைவது மட்டும் தெரிந்தது. அதன் பிறகுதான் கஷ்டம். இரண்டு கண்ணையும் கட்டி, தலையின் இரு பக்கமும் மணல் பைகளை வைத்து, மல்லாந்தபடியே கிடக்கச் சொன்னார்கள். இருமக் கூடாது, தும்மக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் பெரகல என்ற ஊர்க்காரி, கடை வைத்திருந்த குடும்பம். பேச்சு அவளுக்கு நிற்கவே நிற்காது. அவள் சொன்ன கதைகளுக்குச் சிரிக்கவும் முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

கட்டைப் பிரித்தபோது நர்ஸின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அதன் கீழே ஒரு முகம், நீரில் கரைத்த மாதிரி. எனக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்காரரிடம், "தெரியுதுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் காலை வலி தொடங்கியது. பழைய வலிதான், ஆனால் பல மடங்கு. புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பது போல் இருந்தது. கண் செக்கச் சிவந்து இமை வீங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசி போட்டு, சொட்டு மருந்தை மணிக்கு மணி விடச் சொன்னார். சிங்கள நர்ஸ் ஒருத்தி, தெரிந்த தமிழில், "அக்கா, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று சொல்லிச் சொல்லி மருந்தை விட்டாள். வலி மெல்லக் குறைந்தது. ஆனால் அந்த வெள்ளைத் தொப்பி திரும்ப வரவில்லை. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் என் கட்டிலருகே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன்:

"டாக்டர், நான் என்ன தப்புப் பண்ணேன்? அசையாமத்தானே படுத்திருந்தேன்?"

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. உங்கட கண் தன்ர வேலையைச் செய்தது. கூடிப்போச்சு."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவ. சொன்னாப் புரிஞ்சுக்குவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கிற சத்தம் கேட்டது.

"கண்ணுக்கு முன்பக்கத்தில, உள்ளுக்குள்ள ஒரு தண்ணி இருக்கு. கண்ணீர் இல்லை, இது வேற. உள்ளுக்கே ஊறி உள்ளுக்கே வடியும். இரத்தத்தில இருக்கிற சாமான்கள் லேசில அதுக்குள்ள போகாது. அதாலதான் அது அவ்வளவு தெளிவு. நாங்கள் வெட்டினவுடன, காயப்பட்ட இடத்தில இருந்து சில பொருட்கள் அந்தத் தண்ணிக்குள்ள இறங்கும். கண்ணால காணேலாத அளவுதான். ஆனால் அது ஒரு செய்தி. 'இங்க காயம், வாங்கோ' எண்டு கூப்பிடுற செய்தி. அதைக் கேட்டு இரத்தக் குழாய்கள் இளகும். வெள்ளை அணுக்கள் வரும், புரதம் கசியும், தண்ணி கலங்கும். கலங்கின தண்ணி பசை மாதிரி உறைஞ்சு கண்மணியை மூடிப்போடும். உங்களுக்கு நடந்தது அதுதான்."

"ஆனா காயம் ஆறணும்னா யாராவது வரத்தானே வேணும்?"

"ஓம். அது வராட்டில் வெட்டு ஆறாது. எல்லாற்ற கண்ணிலயும் அந்தச் செய்தி போகும், கொஞ்ச நாளில தானா அடங்கும். உங்கட கண் எத்தனையோ வருசமா அழன்று பழகின கண். அதுக்குக் கூப்பிடத் தெரியும், நிப்பாட்டத் தெரியாது."

"அந்தச் செய்திக்குப் பேர் இருக்கா?"

அவர் சற்று ஆச்சரியப்பட்டது குரலில் தெரிந்தது. "ஒண்டுக்கு இருக்கு. புரோஸ்டாகிளாண்டின் எண்டு. இப்பத்தான் விளங்கிக்கொண்டு வருகினம். தலையிடிக்குக் குடிக்கிற அஸ்பிரின் இருக்கே, அது அந்தப் பொருளை உண்டாக விடாமல் தடுக்குதாம். அது மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ இருக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியாது டீச்சர்."

தெரியாது என்று சொன்னதால்தான் அவர் சொன்ன மற்றதை நான் நம்பினேன். அதுவரை கண் கெட்டது விதி என்றோ புகை என்றோதான் எல்லோரும் சொன்னார்கள். இப்போது அது ஒரு காரியமாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் ஏதோ இறங்குகிறது, அதனால் ஏதோ வருகிறது, அது அடங்காமல் போகிறது. காரியம் என்றால் அதில் கை வைக்க இடம் இருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை. என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கு அப்போது இந்தியாவுக்கே போய்க் குடியேற இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். விடைபெற வந்த அண்ணன் என்னிடம் சொன்னார்:

"ஏம்மா, இருக்கிற ஒரு கண்ணையும் இந்த ஊர்ல குடுத்துராத. நீங்களும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டுட்டு எங்க பின்னாடியே வந்திருங்க. மதுரையில பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்களாம்."

"மதுரையிலயும் என் கண்ணுக்குள்ள இதே தண்ணிதானே மாமா இருக்கும்" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பில் மனமில்லை. அவர்கள் போன பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான லயம் பாதி காலியானது போல் இருந்தது. என் கணவரும் மனம் தளர்ந்துவிட்டார். "இருக்கிற வெளிச்சத்தையாவது வச்சுக்குவோம்" என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னார். இன்னொரு நாளும் அதையே சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பாட்டும் வாய்ப்பாடும் கதையும் கண் இல்லாமலே நடத்தலாம். எழுத்து மட்டும்தான் இடித்தது. ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளையை வாசிக்கச் சொல்லித் திருத்தினேன். குரலை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு காலை வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு ஏனோ அமைதியாக இருந்தது. நானும் நல்லது என்று நினைத்துத் தொடர்ந்தேன். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், அவ ஒங்க முன்னாடிதான் நிக்கிறா" என்றது. முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் மேசைக்கு முன்னால், சத்தம் வராமல் அழுதுகொண்டு, கையை நீட்டியபடி நின்றிருக்கிறாள். உடைந்த சிலேட்டின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் பார்ப்பேன் என்று நின்றிருக்கிறாள். கையைத் தொட்டபோதுதான் ஈரம் தெரிந்தது.

கட்டுப் போட்டு அவளை மருந்துக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, நான் இடது கண்ணையும் காட்டப் போறேன்" என்றேன்.

"அதும் போயிருச்சுன்னா?" என்றார்.

"இப்ப அது எங்க இருக்கு? முன்னால ஒரு பிள்ளை நின்னு அழுகுது, எனக்குத் தெரியல. இதை வச்சுக்கிட்டு என்ன செய்ய? போனா, முயற்சி பண்ணிப் போகட்டும். நீங்க வந்தாலும் போவேன், வராட்டாலும் போவேன். வந்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"வராம எங்க போவேன்?" என்றார் அவர். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. கோபம் வந்தால் அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒளிக்கீற்றை விட்டுப் பார்த்தார்.

"இப்ப கை வைக்கேலாது. உள்ளுக்குள்ள இன்னும் கொஞ்சம் அழற்சி இருக்கு. போன முறை நெருப்புப் பிடிச்ச பிறகுதான் நான் தண்ணி ஊத்தினன். இந்த முறை முதலே அடக்கிப்போட்டுத்தான் வெட்ட வேணும். சில மாதம் இந்தக் கண் சிவக்கவே கூடாது. செய்வியளோ?"

"செய்றேன். என்னென்ன செய்யணும், சொல்லுங்க."

சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. புகையில் நிற்கக் கூடாது. லேசாகக் கூசினாலும் உடனே பதுளைக்கு வர வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் லயத்து வீட்டில் புகையில்லாமல் இருப்பது எப்படி? என் கணவர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, தகரம் போட்ட ஒரு சாய்ப்புக்கு மாற்றினார். சமையலையும் அவரே ஏற்றுக்கொண்டார். லயத்தில் ஆண்கள் கேலி பேசினார்கள். "டீச்சர் வீட்ல ஐயாதான் இப்ப கொக்கி" என்றார்கள். கொக்கி என்றால் தோட்டத் துரை பங்களாவில் சமைக்கிறவர். அவர், "ஆமாங்க, சம்பளம் மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருப்பார். அந்த ரொட்டி பாதி கருகியிருக்கும். தின்றோம்.

மருந்து எந்நேரமும் கிடைக்காத காலம் அது. பதுளையில் இல்லையென்றால் பண்டாரவளைக்குப் போவார். அங்கே மருந்துக் கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். வருகிற புட்டியில் ஒன்றை எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். தொழிற்சாலைச் சங்கு ஊதும்போதெல்லாம் மருந்து விடுவது என்று வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, நானே விட்டுக்கொள்வேன். முதலில் கன்னத்தில்தான் விழுந்தது. பழகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒருமுறை கண் சிவந்தது. டாக்டர் சொன்ன மாதங்கள் ஏறக்குறைய முடிகிற நேரம். டாக்டர், "முதல்ல இருந்து தொடங்க வேணும்" என்றார். அன்று பஸ் நிலையத்தில் நான் அழுதேன். அந்த ஒரு தடவைதான். அழுதால் கண் இன்னும் சிவக்குமோ என்று பயந்து அதையும் நிறுத்திக்கொண்டேன். முதலிலிருந்து தொடங்கினோம்.

கடைசியில் ஒரு நாள், இருட்டறையில் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "தெளிவா இருக்கு. வாங்கோ" என்றார்.

இந்த முறை வெட்டுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே மாத்திரைகள் கொடுத்தார். அழற்சியை அடக்கும் ஒரு மருந்தும், அஸ்பிரின் வகையைச் சேர்ந்த இன்னொன்றும். "செய்தி போக முதலே வாயைப் பொத்துவம். முழுசாப் பொத்தேலாது, பொத்தவும் கூடாது" என்றார். மாத்திரையால் வயிறு எரிந்தது, முகம் உப்பியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான் கொழுத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டார்கள்.

அறுவை சிகிச்சை மேசையில் அவர் அதிகம் பேசவில்லை. முதல் தடவையைவிட நேரம் கூடியது போல் இருந்தது. ஒருமுறை மட்டும், "மெதுவா, மெதுவா" என்றார். நர்ஸிடம் சொன்னாரா, தன் கையிடம் சொன்னாரா, தெரியாது. மறுபடியும் மணல் பைகள், மறுபடியும் இருட்டு. இந்த முறை பக்கத்துக் கட்டிலில் பேசுகிறவர் யாரும் இல்லை. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

கட்டைப் பிரித்த மறுநாள் காலை புருவத்துக்கு மேல் வலி வந்தது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். என் கணவர் நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். என்னை நாற்காலியில் வைத்து இருட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒளிக்கீற்று வந்தது. டாக்டர் அதை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"சொல்லிருங்க டாக்டர். நான் தாங்குவேன்."

"பொறுங்கோ. தண்ணி கலங்கித்தான் இருக்கு." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆனால் போன முறை மாதிரி உறையேல்லை. அணுக்கள் மிதக்குது, ஒட்டேல்லை. வெட்டின எந்தக் கண்ணிலயும் இவ்வளவு இருக்கும் டீச்சர். உங்களுக்கு வலியைக் கண்டதும் பழைய ஞாபகம் வந்திட்டுது."

"அப்போ?"

"அப்போ மருந்தை விடாமல் விடுவம். நாளைக்குப் பாப்பம்."

மருந்து விட்டார்கள். மறுநாள் வலி அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாள் குறைந்தது. ஒவ்வொரு காலையும் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "இண்டைக்கும் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்பார். ஒருநாள் அதையும் சொல்லவில்லை. எழுந்து சன்னல் திரையை விலக்கினார். சோதனைக்கு வைத்திருந்த தடித்த கண்ணாடி ஒன்றை என் மூக்கில் மாட்டினார்.

சன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். அதன் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. நான் முதலில் பார்த்தது அதை. பிறகு டாக்டரைப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட இளையவர், தலையில் மட்டும் நரை. பிறகு என் கணவர். இந்த இரண்டு வருஷத்தில் அவர் மெலிந்து, கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்தில் எலும்பு தெரிய நின்றார். இவ்வளவு நாள் குரலை வைத்து அவர் நன்றாக இருப்பதாக நினைத்திருந்தேன்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றார்.

"இனிமே ரொட்டி நான் சுடுறேன்" என்றேன்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. அந்தக் கண்ணாடியில் கதவு நிலைகள் வளைந்து தெரிந்தன. கோப்பை எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னாலேயே என் கை போய் நின்றது. படிக்கட்டு இறங்கக் கற்றுக்கொள்ளவே பல வாரம் ஆயிற்று. நீலம் மட்டும் முன்பு நான் பார்த்தே இராத நீலமாக இருந்தது. அதை மட்டும் ஆண்டவர் இனாமாகத் தந்தார் என்று கோயிலில் சொல்லிச் சிரிப்பேன். வலக் கண் திரும்பவே இல்லை. அடக்குகிற மருந்தை நெடுநாள் விட்டதால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, அதற்கும் வேறொரு சொட்டு மருந்து போடும்படி ஆயிற்று. இன்றும் போடுகிறேன். ஆனால் பிள்ளைகள் எழுதியதை நான் வாசித்தேன். ஓய்வு பெறும்வரை நானே வாசித்தேன்.

எண்பதுகளில் எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்காரி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். இரண்டு கண்ணிலும் பூ. மலையில் கால் வைக்கும் இடம் தெரியாமல் இரண்டு முறை விழுந்திருந்தாள். டாக்டர் வெட்ட வேண்டும் என்று சொல்லியும் பயத்தில் திரும்பி வந்துவிட்டாள். என் முதல் கண் போன கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"டீச்சர், உங்களுக்கு ஒண்ணு கெட்டுப் போச்சாமே" என்றாள்.

"ஆமா, கெட்டுப் போச்சு. அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு. ஒங் கண் என் கண்ணு மாதிரி இல்ல. அடிக்கடி செவந்திருக்கா?"

"இல்லீங்க."

"அப்படின்னா ஒனக்கு லேசு."

"வலிக்குமா?"

"வெட்டும்போது வலிக்காது. அப்புறம் கொஞ்சம் வலிக்கும். கண்ணு உள்ளுக்குள்ள ஆளைக் கூப்பிடும், அதான் வலி. கூப்பிடட்டும். நாம மருந்தை விட்டுக்கிட்டே இருக்கணும்."

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். பிறகு எப்போது போகலாம் என்று கேட்டாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லாத நாளாகப் பார்த்து அவளைப் பதுளை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்து டாக்டர் இடமாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. புதிய டாக்டர் ஒரு பெண். கொழுந்துக்காரியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"கூட இருக்கப் போறவ" என்றேன். கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.